கரண்ட் வைத்த இடத்தில் புதுக் கட்டி: எந்தச் சோதனை முதலில்?

ஒரு பையனை வைத்துப் பேசினால்தான் இது பிடிபடும். ஏழு வயதில் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற புற்றுக்கட்டி. அறுவை முடிந்து, தலைக்கும் முதுகுத்தண்டு முழுக்கவும் கரண்ட் வைத்து, மாதக் கணக்கில் மருந்து ஏற்றி, முடி முளைத்து, பள்ளிக்கூடம் போய், இப்போது பதினேழு வயது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. எம்ஆர்ஐயில் பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஏதோ ஒன்று, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த படத்தில் பளிச்சென்று தெரிகிறது. அம்மா கேட்கிற முதல் கேள்வி: "அதே கட்டியே திரும்ப வந்துடுச்சா டாக்டர்?"

(ரேடியேஷனுக்கு நம் ஊரில் கரண்ட் என்றுதான் பேர். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றாலும், எல்லோருக்கும் புரிகிற சொல் அதுதான்.)

ஸ்கேனைப் பார்த்தே "ஆமாம்" என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது. அந்த வெள்ளைப் புள்ளி மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பழைய கட்டி திரும்பியிருக்கலாம். கரண்ட் பட்ட மூளைத் திசு செத்துப்போய் வீங்கியிருக்கலாம். இதை ரேடியோ நெக்ரோசிஸ் என்பார்கள். மூன்றாவது, கரண்டே காரணமாகி வந்த புதுக் கட்டி. மெடுல்லோபிளாஸ்டோமா திரும்புவது பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்குள். திசு செத்துப்போவதும் அநேகமாக முதல் இரண்டு மூன்று வருடங்களில் தலைகாட்டிவிடும். பத்தாவது வருடத்தில் வருகிற ஒன்றைப் பார்த்தால் மூன்றாவது சந்தேகம்தான் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

பயத்தைக் கொஞ்சம் அளந்துகொள்வோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து ஐந்து வருடமாவது பிழைத்திருந்த 14,361 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களில் 116 பேருக்கு மூளையிலோ தண்டுவடத்திலோ புதிதாக ஒரு கட்டி வந்திருந்தது. அதில் 40 கிளையோமா (மூளையின் துணைச் செல்களில் வரும் கட்டி), 66 மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வரும் கட்டி). கிளையோமாக்கள் முதல் நோய் கண்டுபிடித்து ஏறத்தாழ 9 வருடத்திலும், மெனிஞ்சியோமாக்கள் 17 வருடத்திலும் வந்தன. இவை நடு மதிப்புகள். நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்துவிட்ட வீட்டுக்கு அந்த நூறு என்ன ஆறுதல் தரும்?

கரண்ட்தான் காரணம் என்று நமக்கு எப்படித் தெரியும்? இதற்கு மிகத் தெளிவான சாட்சி இஸ்ரேல். 1948 முதல் 1960 வரை அங்கே குடியேறிய குழந்தைகளுக்கு, அதிலும் வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு, தலையில் வந்த படர்தாமரைக்காகக் கதிர் வைத்தார்கள். புற்றுநோய்க்கு அல்ல, பூஞ்சைக்கு. மூளைக்குப் போனது சராசரியாக 1.5 கிரே (கதிரை அளக்கும் அலகு). மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு இன்று மூளை முழுக்க 23.4 அல்லது 36 கிரே கொடுத்து, கட்டி இருந்த இடத்தை 54 கிரே வரை கொண்டுபோகிறோம். அதோடு ஒப்பிட்டால் 1.5 ஒன்றுமே இல்லை. ஆனாலும் அப்படிக் கதிர் பட்ட பத்தாயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடர்ந்து 1988இல் வெளியிட்ட கணக்கில், மெனிஞ்சியோமா மற்றவர்களைவிட 9.5 மடங்கும் கிளையோமா 2.6 மடங்கும் அதிகம். 1994இல் அந்த நாடு அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கத் தனிச் சட்டமே போட்டது.

சரி, பையனுக்கு வருவோம். நம் முன்னால் உள்ள வழிகள்: திசு எடுக்காமல் ஸ்கேனை வைத்தே முடிவெடுப்பது; திசு எடுத்து மைக்ரோஸ்கோப்பும் சாயமும் போதும் என்று நிறுத்துவது; மரபணு பேனல் அனுப்புவது; மெத்தைலேஷன் சோதனை அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் காசு, நாள், திசு என்று மூன்று விலை உண்டு. இதில் திசுதான் கடைசியில் தட்டுப்பாடாகும். யாரும் முதலில் அதை யோசிப்பதில்லை.

திசு எடுக்காத வழியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. மூளைத்தண்டின் நடுவில் இருந்தால், பையன் மிகவும் தளர்ந்திருந்தால், மூளைக்குள் ஊசி விட்டுத் திசு எடுப்பதே ஆபத்து. பெர்ஃப்யூஷன், ஸ்பெக்ட்ரோஸ்கோபி, பெட் மாதிரியான சிறப்பு ஸ்கேன்கள் எல்லாம் செத்த திசுவா உயிருள்ள கட்டியா என்று பிரிப்பதற்கு ஓரளவு கைகொடுக்கும். ஆனால் எந்தக் கட்டி என்று அவை பேர் சொல்லாது. இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. 2018இல் தென் கொரியாவிலிருந்து வந்த ஒரு மரபணு ஆய்வு, திரும்பி வந்த மெடுல்லோபிளாஸ்டோமா என்று கருதப்பட்டவற்றில் சில உண்மையில் கரண்டுக்குப் பிறகு வந்த கிளையோபிளாஸ்டோமா (கிளையோமாவில் மிகக் கொடிய வகை) என்று காட்டியது. அந்தப் பிழைக்கு விலை உண்டு. மெடுல்லோபிளாஸ்டோமா திரும்பினால் போகிற மருந்துப் பாதை வேறு, கிளையோமாவுக்கு வேறு. தவறான பேரை எழுதிவிட்டால், அந்தப் பையன் தனக்கு உதவாத மருந்தின் பக்கவிளைவை மட்டும் அனுபவிப்பான். அதனால் கை வைக்கக்கூடிய இடத்தில் இருந்தால் திசு எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

திசு வந்ததும் முதல் வேலை மைக்ரோஸ்கோப். மெழுகில் பதித்த சின்ன பிளாக், அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவிய இழைகள், கண்ணாடியில் ஒட்டிச் சாயம். ஜிஎஃப்ஏபி என்ற புரதத்துக்கான சாயம் ஏறினால் கிளையோமா பக்கம், சினாப்டோஃபைசின் ஏறினால் மெடுல்லோபிளாஸ்டோமா பக்கம் என்று பொதுவாகச் சொல்லலாம். அப்புறம் ஐடிஎச்1, எச்3 கே27எம், ஏடிஆர்எக்ஸ், பி53 என்று குறிப்பிட்ட மரபணு மாற்றங்களுக்குத் துப்புத் தரும் சாயங்கள். ஓரளவு பெரிய மருத்துவமனை எதிலும் இவற்றில் பல கிடைக்கும். சில நாளில் பதில். மற்ற இரண்டு சோதனைகளோடு ஒப்பிட்டால் காசும் குறைவு.

இதில் சிக்கல் என்னவென்றால், கதிரால் வருகிற கிளையோமாவில் இந்தச் சாயங்கள் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் சொல்லும். ஐடிஎச் இல்லை. எச்3 கே27எம் இல்லை. இல்லை இல்லை என்று வரிசையாக வந்த பிறகு, அறிக்கையின் கடைசி வரியில் "கிளையோபிளாஸ்டோமா, ஐடிஎச் மாற்றமில்லாதது" என்று எழுதிவிடுவது எளிது. ஐம்பது அறுபது வயதுக்காரருக்கு வருகிற நோயின் பேர் அது. 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு வகைப்பாடு, பெரியவர்களுக்கு வரும் அந்த நோயையும் குழந்தை வகை உயர்நிலைக் (வேகமாக வளரும்) கிளையோமாக்களையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. நம் பையனுடையது இரண்டாவது வீட்டைச் சேர்ந்தது. போதாக்குறைக்கு இவ்வகைக் கட்டிகள் சில, மைக்ரோஸ்கோப்பில் முதிராத வட்டச் செல்களாக, பார்ப்பதற்கு மெடுல்லோபிளாஸ்டோமாவின் தம்பி மாதிரியே இருக்கும். பழைய ஃபைலில் அந்தப் பேரையும் படித்துவிட்டால் கண் அதைத்தான் தேடும்.

ஒரு விஷயத்துக்காக மட்டும் சாயங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று நான்கு ஆன்டிபாடிகள். டிஎன்ஏவில் எழுத்துப் பிழை திருத்துகிற புரதங்களை இவை தேடும். கட்டிச் செல்லில் அந்தப் புரதங்களில் ஒன்று காணாமல் போயிருந்தால் சரி, அது கட்டியின் சங்கதி. ஆனால் அதே இழையில் ஓடும் ரத்தக் குழாயின் சுவரிலும், அதாவது நோயில்லாத செல்களிலும், அந்தச் சாயம் ஏறவில்லை என்றால் நிமிர்ந்து உட்கார வேண்டும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்திருக்கிறது என்று பொருள். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்கிற நமக்கு இது யாரோ வெளிநாட்டாரின் நோய் இல்லை. பையனின் உடம்பில் காப்பிக் கறை மாதிரி மச்சங்கள் இருக்கின்றனவா என்று சட்டையைக் கழற்றிப் பார்த்தாலே ஒரு துப்பு கிடைக்கும். இப்படிப்பட்ட கட்டியில் வழக்கமான கீமோ மருந்தான டெமோசோலமைட் சரியாக வேலை செய்யாது. நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகளுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் மற்றக் குழந்தைகளையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் நான்கு கண்ணாடித் துண்டில் தெரிந்துவிடுகிறது. எந்தப் பெரிய சோதனைக்கும் முன்னால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மரபணு பேனல். பத்துக் கணக்கிலோ நூற்றுக் கணக்கிலோ மரபணுக்களை ஒரே ஓட்டத்தில் படிப்பது. கதிரால் வந்த கிளையோமாவில் டிபி53 மாற்றம், பிடிஜிஎஃப்ஆர்ஏ பெருகியிருப்பது, சிடிகேஎன்2ஏ அறுந்துபோயிருப்பது என்று மூன்றும் அடிக்கடி தென்படும். பிராஃப் வி600இ, என்டிஆர்கே இணைவு (இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது) மாதிரி மருந்து இருக்கிற மாற்றம் ஏதாவது ஒளிந்திருந்தால் அதையும் பேனல்தான் பிடிக்கும். மெத்தைலேஷன் அதைப் பிடிக்காது. இது பேனலின் பலம்.

பலவீனம், அது உதிரிப் பாகங்களின் பட்டியல்தான் கொடுக்கும். வண்டியின் பேரைச் சொல்லாது. டிபி53 மாற்றம் எத்தனையோ கட்டிகளில் இருக்கிறது, மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் இருக்கிறது. பேனல் என்று வெளியில் விற்பதில் பல, நுரையீரல், மார்பகம், குடல் புற்றுநோய்களை மனதில் வைத்துச் செய்தவை. மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று சொல்லுமா, ஆர்என்ஏவிலிருந்து இணைவுகளைப் பார்க்குமா என்று கேட்காமல் அனுப்பினால், காசு போனது போனதுதான். "ரத்தத்திலேயே பார்த்துவிடலாம், மூளையில் ஊசி வேண்டாம்" என்று யாராவது சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. மூளைக் கட்டியின் டிஎன்ஏ ரத்தத்துக்கு மிகக் குறைவாகத்தான் கசிகிறது. ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

இனி மெத்தைலேஷன். டிஎன்ஏ இழையின் மேல் மீத்தைல் என்கிற சின்ன வேதிக் குறிகள் ஒட்டியிருக்கும். எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. ஒரு செல் எந்த வம்சத்திலிருந்து வந்தது என்பது அந்தக் குறிகளின் அமைப்பில் பதிந்திருக்கும். எத்தனை திரிந்தாலும் பூர்வீகம் முழுக்க அழிவதில்லை. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தக் குறியைப் படித்து, ஏற்கெனவே பேர் தெரிந்த கட்டிகளின் தொகுப்போடு கணினி ஒப்பிடுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான இந்த முறை 2018இல் வெளியானபோது, சோதித்த கட்டிகளில் 12 சதவீதத்துக்கு மைக்ரோஸ்கோப் சொன்ன பேரே மாறியது.

நம் பையனுக்கு இது என்ன செய்யும்? கதிருக்குப் பின் வந்த கிளையோமாக்களில் பெரும்பாலானவை இந்த வரைபடத்தில் ஒரே மூலையில் போய் விழுகின்றன: குழந்தை வகை உயர்நிலைக் கிளையோமா, எச்3இலும் ஐடிஎச்சிலும் மாற்றமில்லாதது, அதில் ஆர்டிகே1 என்கிற துணைவகை. 2019இலிருந்து 2021 வரை வந்த ஆய்வுகள் அடுத்தடுத்து இதையே சொல்லின. முதல் நோய் லுக்கேமியாவாக இருந்தாலும் மெடுல்லோபிளாஸ்டோமாவாக இருந்தாலும், கதிருக்குப் பின் வருவது ஏறக்குறைய ஒரே முகம்.

இன்னொன்றும் கிடைக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. அதே ஓட்டத்தின் தரவிலிருந்து குரோமோசோம் வரைபடம் ஒன்று இலவசமாக வந்துவிடும். இடமிருந்து வலமாக 1 முதல் 22 வரை குரோமோசோம்கள், நடுவில் ஒரு கோடு, மேலும் கீழுமாக ஆயிரக்கணக்கான புள்ளிகள். 4ஆம் குரோமோசோமில் புள்ளிகள் தென்னை மரம் மாதிரி நெட்டென்று உயர்ந்து நின்றால் அது பிடிஜிஎஃப்ஆர்ஏ. 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது சிடிகேஎன்2ஏ. இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்துவிட்டால் பேனல் சொல்லவேண்டியதில் பாதி தெரிந்துவிடும். டெமோசோலமைட் வேலை செய்யுமா என்று துப்புத் தரும் எம்ஜிஎம்டி மரபணுவின் நிலையையும் இதிலேயே கணிக்கலாம்.

இதன் குறைகளும் லேசானவை அல்ல. கணினி 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும், 0.9க்கு மேல் இருந்தால்தான் கையெழுத்துப் போட மனம் வரும். திசுவில் கட்டிச் செல் குறைவாக, நல்ல மூளையும் செத்த சதையும் அதிகமாக இருந்தால் மதிப்பெண் சரியும். கரண்ட் பட்ட இடத்தில் செத்த சதைக்குப் பஞ்சமே இல்லை. அதற்குமேல் எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. மாதிரியை வெளியூருக்கு அனுப்பி வாரக் கணக்கில் காத்திருக்க நேரலாம். 2023இல் நெதர்லாந்துக் குழு ஒன்று, நானோபோர் என்ற டிஎன்ஏ படிக்கும் கருவியால் அறுவை நடக்கும்போதே, ஒன்றரை மணி நேரத்துக்குள் இதே விதப் பதிலைச் சொல்லிக் காட்டியது. நம் பக்கத்து ஆபரேஷன் தியேட்டர்களுக்கு அது வழக்கமாக வரும்வரை தபால்தான்.

முக்கியமான குறை வேறு. "இது கதிரால் வந்தது" என்று மெத்தைலேஷன் சொல்லாது. கதிரே படாத குழந்தைக்கும் ஆர்டிகே1 வகை வருகிறது. எந்த மூலக்கூறுச் சோதனையும் காரணத்தை எழுதித் தராது. அதற்கு இன்னமும் 1948இல் நியூயார்க்கின் வில்லியம் காஹன் குழு எலும்புக் கட்டிகளுக்காகச் சொன்ன பழைய அளவுகோல்தான்: கதிர் பட்ட எல்லைக்குள் வந்திருக்க வேண்டும், வருடக் கணக்கில் இடைவெளி வேண்டும், முதல் கட்டியிலிருந்து வேறு வகையாக இருக்க வேண்டும். பரம்பரைக் கோளாறு இல்லை என்பது பின்னால் சேர்ந்த நிபந்தனை. இதில் மூன்றாவது நிபந்தனையை நிரூபிக்கத்தான் மெத்தைலேஷன் கைகொடுக்கிறது. முதல் இரண்டும் பழைய ஃபைலில் இருக்கின்றன. நாலாவது ரத்தத்தில்: லி-ஃப்ராமெனி, என்எஃப்1, கார்லின் என்று சில குடும்ப நோய்களில் கரண்ட் பட்டால் புதுக் கட்டி வர வாய்ப்பு மிக அதிகம். அதனால் கட்டியின் டிஎன்ஏவோடு ரத்தத்தின் டிஎன்ஏவையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அப்படியானால் என் வரிசை: திசு, சாயம், அதில் அந்த நான்கு ஆன்டிபாடி கட்டாயம், பிறகு மெத்தைலேஷன். மருந்து ஏதாவது முயன்று பார்க்கப் போகிறோம் என்ற நிலை வந்தால் பேனல். காசு ஒரு சோதனைக்குத்தான் இருக்கிறது, பேர்தான் குழப்பம் என்றால் மெத்தைலேஷன். பேர் ஏற்கெனவே தெளிவு, மருந்துதான் தேடுகிறோம் என்றால் பேனல். பிடிஜிஎஃப்ஆர்ஏ பெருகியிருக்கிறது என்று தெரிந்ததாலேயே குணமாக்கும் மருந்து கையில் வந்துவிடாது. அவை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. இந்தக் கிளையோமாக்கள் மோசமானவை, பலருக்குக் கிடைப்பது மாதக் கணக்கு. சரியான பேர் தெரிந்தால், அந்த மாதங்களை உதவாத மருந்தில் கழிக்காமல் இருக்கலாம். மறுபடியும் கரண்ட் வைக்கலாமா என்பதையும் மருத்துவரோடு நேராகப் பேசலாம்.

மெனிஞ்சியோமாவுக்கு இந்த வரிசை பொருந்தாது. மூளையின் உறையில் வருகிற அதை எம்ஆர்ஐயே பெரும்பாலும் அடையாளம் காட்டிவிடும். அங்கே சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பதே நல்ல தேர்வாக இருக்கலாம். கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டால் மட்டும் மூலக்கூறுச் சோதனை பற்றி யோசிக்கலாம். கதிரால் வந்தவற்றில் என்எஃப்2 மரபணு உடைந்து இடம் மாறியிருப்பது அடிக்கடி தெரியும். தானாக வருகிறவற்றில் இருக்கும் ஏகேடி1, டிராஃப்7 மாற்றங்கள் அநேகமாக இருக்காது. அதைவிட, டெர்ட் மாற்றமோ சிடிகேஎன்2ஏ முழுசாக அறுந்ததோ இருந்தால் 2021 வகைப்பாட்டின்படி அது நேராக மூன்றாம் நிலை, அதாவது மிகத் தீவிரமான நிலை. திரும்பி வருமா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கடைசியாகத் திசு விஷயம். ஊசியில் வருவது சோற்றுப் பருக்கையைவிடக் கொஞ்சம் நீளமான இழை. அதை மெழுகில் பதித்து, இன்று நாலு சாயம், அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்து நாலு என்று கேட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் பிளாக்கைக் கத்தியில் வைத்துச் சமப்படுத்தும்போது கொஞ்சம் சீவல் குப்பைக்குப் போகும். மெத்தைலேஷனுக்கு அனுப்பும் நாளில் வெறும் மெழுகுதான் மிஞ்சும். அதனால் அறுவைக்கு முன்பே, திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவரான பேத்தாலஜிஸ்டிடம் "பத்து வருடத்துக்கு முன் கரண்ட் வைத்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். தேவையான இழைகளை ஒரே உட்காரலில் சீவி எடுத்து வைத்துவிடுவார்.

அப்படியே பழைய மருத்துவமனையில் முதல் கட்டியின் பிளாக் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பழசில், மெடுல்லோபிளாஸ்டோமாவில் அடிக்கடி காண்பது போல 17ஆம் குரோமோசோம் திரிந்து, புதுசில் அது சுத்தமாக இருந்து 4ஆம் குரோமோசோம் எகிறி நின்றால், அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் பிளாக்கைக் காலம் முழுக்க வைத்திருக்க மாட்டார்கள்; சீக்கிரம் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது கரண்ட் வைத்த சுருக்க அறிக்கையையும் வாங்கி வாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தப் பகுதிக்கு என்று நான்கு விவரம் அதில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் "ரேடியேஷன் முடிந்தது" என்று ஒரு வரி மட்டும் இருந்தால், அது போதாது.